யோசிக்கப் போறேன், இருபது நிமிஷத்துல வரேன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தம் செய்திருக்கிறோம்.)

  

இன்னைக்கு எபிசோட் ஒரு மெயில்ல இருந்து வந்தது. எழுதினவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது, இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, ஒரு விஷயத்துல மாட்டிக்கிட்டா எனக்கு சீட்டை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்தாத்தான் மூளை வேலை செய்யுது. ஆனா எழுந்து போனா சாட்ல என் பேர் பக்கத்துல இருக்கிற பச்சைப் புள்ளி மஞ்சளாயிடுது. ஓபி அடிக்கிறேன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு. நடக்கிறது நிஜமாவே உதவுதா, இல்ல நான் என்னையே ஏமாத்திக்கிறேனா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. டெஸ்க்கை விட்டுப் போனா நிஜமாவே தெளிவு வருமா? வரும்னா, அதை ஆபீஸ்ல எப்படிச் சமாளிக்கிறது? ரெண்டையும் பார்த்துடலாம்.

முதல் கேள்விக்கு உங்களைக் கொஞ்சம் தூரமா, அயர்லாந்துக்குக் கூட்டிட்டுப் போறேன். 1843, அக்டோபர் 16, ஒரு திங்கட்கிழமை. டப்ளின் நகரத்துல ராயல் கால்வாய் கரையோரமா வில்லியம் ரோவன் ஹாமில்டன் தன் மனைவியோட நடந்து போயிட்டிருக்கார். ராயல் ஐரிஷ் அகாடமியில ஒரு கூட்டம், அதுக்குத் தலைமை தாங்கணும். மனைவி நடுநடுவுல ஏதோ பேசுறாங்க, இவரும் பதில் சொல்றார். ஆனா அடியில இன்னொரு யோசனை ஓடிக்கிட்டே இருந்ததா பின்னாடி தன் மகனுக்கு எழுதின கடிதத்துல சொல்றார்.

அந்த யோசனை என்னன்னு சொல்லிடறேன். இன்ஜினீயரிங் படிச்சவங்களுக்கு காம்ப்ளெக்ஸ் நம்பர் ஞாபகம் இருக்கும். ரெண்டு பகுதி சேர்ந்த ஒரு எண். ஒரு பேப்பர்ல எங்க வேணும்னாலும் ஒரு புள்ளியை அதால குறிக்கலாம். அதோட அழகே பெருக்கல்லதான். பெருக்கினா அந்தப் புள்ளி சுத்தும். பேப்பர் மேல நடக்கிற சுழற்சியைக் கணக்கா மாத்திடலாம். ஹாமில்டன் கேட்டது: இதையே நாம வாழற முப்பரிமாண உலகத்துக்குச் செய்ய முடியாதா? ரெண்டு பகுதிக்குப் பதிலா மூணு பகுதி இருக்கிற எண்களை வெச்சுப் பெருக்க முடியாதா?

இந்தக் கேள்வியோட அவர் பத்து வருஷத்துக்கும் மேல மல்லுக்கட்டினார். கூட்ட முடிஞ்சது, கழிக்க முடிஞ்சது, பெருக்க மட்டும் வரல. அந்த அக்டோபர் மாசம் காலையில டிபன் சாப்பிட வரும்போதெல்லாம் அவரோட பசங்க, "அப்பா, மூணு எண்ணைப் பெருக்க வந்துடுச்சா?"ன்னு கேப்பாங்களாம். இவர் சோகமாத் தலையை ஆட்டுவாராம். நம்ம வீட்டுல "அந்த அரியர் க்ளியர் ஆச்சா?"ன்னு கேக்குற மாதிரிதான்.

அன்னைக்குப் ப்ரூம் பாலத்துக்கிட்ட வரும்போது சட்டுனு பொறி தட்டுது. மூணு போதாது, நாலு வேணும்! ஐ, ஜே, கேன்னு மூணு கற்பனை எண்கள், அதோட ஒரு சாதாரண எண். ஐ ஸ்கொயர், ஜே ஸ்கொயர், கே ஸ்கொயர், அப்புறம் ஐ-ஜே-கே மூணையும் பெருக்கினா வர்றது, எல்லாமே மைனஸ் ஒண்ணு. அங்கேயே பாக்கெட் நோட்டை எடுத்துக் குறிச்சுக்கிட்டார். ஆசை தாங்காம கத்தியால பாலத்துக் கல்லுலயும் செதுக்கிட்டார். அந்தச் செதுக்கல் இப்போ அழிஞ்சு போச்சு. பதிலா 1958-ல வெச்ச ஒரு கல்வெட்டு இருக்கு. அதுக்குப் பேர் குவாட்டர்னியன். நீங்க விளையாடற முப்பரிமாண கேம்ல கேரக்டர் திரும்புறது, விண்கலம் எந்தப் பக்கம் பார்த்துட்டிருக்குன்னு கணக்குப் போடறது, உங்க ஆண்ட்ராய்டு போன் தான் எப்படிச் சாய்ஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கிறது, எல்லாத்துலயும் இந்தக் கணக்கு வேலை செய்யுது.

இந்தக் கதையைப் பல பேர், "நடந்தார், ஐடியா வந்துச்சு"ன்னு முடிச்சுடுவாங்க. எனக்கு முக்கியமாப் படறது வேற. மூணு பகுதி எண்களை வெச்சு அவர் தேடின மாதிரி ஒரு பெருக்கல் இருக்கவே முடியாதுன்னு பிற்காலத்துல நிரூபிச்சுட்டாங்க. அதாவது, அதே கேள்வியை டெஸ்க்ல வெச்சுக்கிட்டு இன்னும் இருபது வருஷம் உழைச்சிருந்தாலும் விடை வந்திருக்காது. பாலத்துக்கிட்ட அவருக்குக் கிடைச்சது, பழைய கேள்விக்கான விடை கிடையாது. கேள்வியே மாறிடுச்சு.

நான் இன்னைக்குச் சொல்ல வர்றது அவ்வளவுதான் மக்களே. டெஸ்க் நாம கேக்குற கேள்விக்கு விடை தேடித் தரும். நாம தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டிருந்தா, அதைச் சொல்ற சக்தி டெஸ்க்குக்குக் கம்மி. ஸ்க்ரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது, எந்த ஃபைல் திறந்திருக்கோ அதுக்குள்ளதான் நம்ம மூளையும் சுத்தும். எழுந்து போனா அந்த ஃபைல் மூடிக்கும், பிரச்னை மட்டும் மனசுல நிக்கும்.

சரி, இது மேதைகளுக்கு மட்டும் நடக்கிறதான்னு கேப்பீங்க. இன்னொரு மேதையோட கதையைச் சொல்லிட்டு அதுக்கு வரேன், ஏன்னா இந்த மனுஷன் தனக்குள்ள என்ன நடந்துச்சுன்னு படிப்படியா எழுதி வெச்சிருக்கார். ஆன்ரி புவான்கரே, பிரெஞ்சு கணித மேதை. 1908-ல பாரிஸ்ல ஒரு சொற்பொழிவுல தன்னோட அனுபவத்தைச் சொல்றார். ஒரு வகையான ஃபங்ஷன் இருக்கவே முடியாதுன்னு நிரூபிக்கப் பதினஞ்சு நாள் தினமும் டெஸ்க்ல உட்கார்ந்து முட்டி மோதினார். அப்புறம் ஒரு ராத்திரி வழக்கமில்லாத வழக்கமா பிளாக் காபி குடிச்சுட்டுத் தூக்கம் வராம கிடந்ததுல, அது இருக்க முடியும்னே தெரிஞ்சுது. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு நிலவியல் சுற்றுப்பயணத்துக்குப் போறார். பயண அலைச்சல்ல கணக்கை மறந்தே போயிட்டார். கூத்தான்ஸ்ங்கிற ஊர்ல எங்கயோ போறதுக்காகக் குதிரை வண்டி பஸ்ல ஏறினாங்க. படியில காலை வெச்ச நொடியில, அந்த ஃபங்ஷனை முற்றிலும் வேற ஒரு ஜியாமெட்ரியோட இணைக்கிற யோசனை வந்துச்சு. சரி பார்க்க நேரமில்ல. உள்ள போய் உட்கார்ந்து விட்ட பேச்சைத் தொடர்ந்தார். ஊருக்குத் திரும்பி வந்து, நிதானமா உட்கார்ந்து சரி பார்த்தார்.

அவர் எடுக்கிற முடிவு ரொம்ப நேர்மையா இருக்கும். பல நாள் உழைப்பு, அதுவும் வீணாப் போன மாதிரி தெரியற உழைப்பு முன்னாடி இல்லாம இப்படி ஒரு பொறி வர்றதே இல்லைங்கிறார். வந்ததுக்கு அப்புறமும் உட்கார்ந்து சரி பார்க்கிற வேலை இருக்குங்கிறார். 1926-ல கிரஹாம் வாலஸ்ங்கிற ஆங்கில அறிஞர் இதையெல்லாம் நாலு கட்டமாப் பிரிச்சார்: தயாராகிறது, ஊறப் போடறது, பொறி தட்டறது, சரி பார்க்கிறது.

ஊறப் போடறதுன்னு சொன்னேன்ல, அது நம்ம ஊருக்கு நல்லாப் பொருந்தும். இட்லிக்கு அரிசி ஊறணும்னா முதல்ல பாத்திரத்துல அரிசி இருக்கணும். வெறும் தண்ணியை ராத்திரி முழுக்க வெச்சிருந்தாலும் காலையில வெறும் தண்ணிதான். பிரச்னையை மண்டைக்குள்ள ஏத்தாம பீச்சுக்குப் போனா, காத்து வாங்கலாம், சுண்டல் சாப்பிடலாம். அது நல்லதுதான், ஆனா அதுக்குப் பேர் வேற.

இப்போ சாதாரண ஆளுங்களுக்கு வருவோம். இந்த "ஊற வெக்கிறது" பத்தி நடந்த 117 ஆய்வுகளை ஒண்ணாத் தொகுத்து, 2009-ல சியோ, ஆர்மரோட்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. நடுவுல ஒரு இடைவெளி விட்டா உதவுதுன்னுதான் மொத்தத்துல வருது. அதுல நமக்குத் தேவையான ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, இடைவெளிக்கு முன்னாடி பிரச்னையோட அதிக நேரம் இருந்தவங்களுக்கு இடைவெளியோட பலனும் அதிகம். ரெண்டு, இடைவெளியில மூளையைப் பிழியற மாதிரி வேற வேலை செஞ்சா பலன் குறையுது.

அந்த ரெண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல பிரேக்னா என்ன? சீட்டுல இருந்து எழுந்து, கதவு தாண்டறதுக்குள்ள போனை எடுக்கிறோம். ரெண்டு ரீல்ஸ், ஒரு வாட்ஸ்அப் சண்டை, கிரிக்கெட் ஸ்கோர், வீட்டு ஓனர் மெசேஜ். இருபது நிமிஷம் ஆயிடுச்சு. உடம்பு வெளியே போச்சு, தலை இன்னொரு டெஸ்க்ல உட்கார்ந்திருந்துச்சு. பெரிய ஸ்க்ரீன்ல இருந்து சின்ன ஸ்க்ரீனுக்கு மாறினதைப் பிரேக்னு சொல்ல முடியாது.

நடக்கிறதைப் பத்தியே தனியா ஒரு ஆய்வு இருக்கு. 2014-ல ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஒப்பெட்சோ, ஷ்வார்ட்ஸ் ரெண்டு பேரும் செஞ்சது. ஒரு பொருளைச் சொல்லி, அதை வேற எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு கேட்டாங்க. உட்கார்ந்து யோசிச்சதை விட, நடந்துக்கிட்டே யோசிச்சப்போ புது யோசனைகள் சராசரியா 60 சதவீதம் அதிகமா வந்துச்சு. சுவாரசியம் என்னன்னா, ஒரு அறைக்குள்ள வெத்துச் சுவரைப் பார்த்துக்கிட்டு ட்ரெட்மில்ல நடந்தாலும் பலன் இருந்துச்சு. அதனால மலையும் அருவியும் இல்லைன்னு கவலைப்பட வேண்டாம்.

ஆனா அதே ஆய்வுல இன்னொரு பக்கமும் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. மூணு வார்த்தை கொடுத்து, மூணுக்கும் பொதுவாப் பொருந்துற ஒரே ஒரு வார்த்தையைக் கண்டுபிடின்னு ஒரு சோதனை வெச்சாங்க. அதாவது ஒரே சரியான விடை இருக்கிற கேள்வி. அதுல நடந்தவங்க உட்கார்ந்திருந்தவங்களை விடக் கொஞ்சம் கம்மியாத்தான் செஞ்சாங்க. ஆக, வழிகளைத் தேட நடக்கலாம். வழியைத் தேர்ந்தெடுத்து முடிக்க உட்காரணும். "டெஸ்க்கே வேண்டாம், நான் கடற்கரையில கோட் பண்றேன்"னு இன்ஸ்டாகிராம்ல போஸ் கொடுக்கிறவங்க லேப்டாப்ல மணல் போறதைத்தான் பார்க்க முடியும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல நடந்தது. ஆர்டர் எடுக்கிற ஒரு சிஸ்டம். எப்பவாவது, அதுவும் சாயங்காலக் கூட்ட நேரத்துல மட்டும், ஒரே ஆர்டர் ரெண்டு தடவை பதிவாகும். கஸ்டமருக்கு ரெண்டு தடவை காசு போயிடும். சின்ன தொகையா இருந்தாலும், மாசக் கடைசியில ஒருத்தர் அக்கவுன்ட்ல 600 ரூபாய் மாயமானா அவருக்கு அது சின்ன விஷயமே இல்ல. போன்ல கத்துறாங்க. கஸ்டமர் கேர்ல உட்கார்ந்திருந்த பொண்ணுங்க எல்லாத் திட்டையும் வாங்கிக்கிட்டிருந்தாங்க.

எங்க டீம்ல எல்லாரும் மூணு நாள் அதுல உட்கார்ந்திருந்தோம். நாள் முழுக்க ஒரு கால் ஓடிக்கிட்டே இருக்கும், எல்லாரும் அதுல இருக்கணும். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "நம்ம சர்வர்ல எந்த இடத்துல ஒரு ஆர்டர் ரெண்டாகுது?" ஒவ்வொரு ஃபங்ஷனாப் பார்த்தோம், டேட்டாபேஸ் லாக் பார்த்தோம், எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. பட்டனை ரெண்டு தடவை அமுக்கறாங்களான்னும் பார்த்தோம். ஒரு தடவை அமுக்கினதுமே பட்டன் மங்கிடும், வாய்ப்பே இல்ல.

மூணாவது நாள் நாலு மணிக்கு நான் எழுந்தேன். ஒரு சீனியர், "எங்கடா போற?"ன்னார். "யோசிக்கப் போறேன்ணே, இருபது நிமிஷத்துல வரேன்"னேன். கால்ல இருந்த நாலு பேர் சிரிச்சது ஸ்பீக்கர்ல நல்லாவே கேட்டுச்சு. போனை டெஸ்க்லயே வெச்சுட்டுக் கீழ இறங்கினேன். சர்வீஸ் ரோட்டைத் தாண்டி ஒரு டீக்கடை. பக்கத்துல ரோடு வேலை, ட்ரில் சத்தம். ஒருத்தர் வந்து, "மாஸ்டர், ஒரு டீ"ன்னார். மாஸ்டர் திரும்பிப் பார்க்கல. கொஞ்ச நேரம் நின்னுட்டு, காதுல விழலையோன்னு மறுபடியும், "மாஸ்டர், ஒரு டீ"ன்னார். ரெண்டு நிமிஷத்துல அவர் முன்னாடி ரெண்டு கிளாஸ் வந்து நின்னுச்சு. மாஸ்டர் மேல தப்பே இல்ல. அவருக்கு ரெண்டு தடவை கேட்டுச்சு, ரெண்டு போட்டார்.

அப்போதான் எனக்குக் கேள்வி மாறுச்சு. நம்ம சர்வர் ஒண்ணை ரெண்டாக்கலையே, யாரோ ரெண்டு தடவை கேக்குறாங்களோ? கஸ்டமர் ஒரு தடவைதான் அமுக்குறார். ஆனா அவருக்கும் நமக்கும் நடுவுல மொபைல் ஆப் இருக்கு. பதில் வர லேட் ஆனா, விழலையோன்னு நினைச்சு அது தானாவே மறுபடியும் கேட்டா?

மேல வந்து உட்கார்ந்தேன். ரெண்டு தடவை பதிவான ஆர்டர்களை ஜோடி ஜோடியா எடுத்து நேரத்தை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். எல்லா ஜோடியிலும் சரியாப் பத்து செகண்ட் இடைவெளி. மனுஷன் அமுக்கினா இவ்வளவு ஒழுங்கா இருக்காது. ஆப்ல இருந்த நெட்வொர்க் லைப்ரரி பத்து செகண்ட் காத்திருந்துட்டு, தானா மறுபடியும் அனுப்புது. சாயங்காலக் கூட்டத்துல சர்வருக்குப் பன்னெண்டு, பதிமூணு செகண்ட் ஆகுது. முதல் டீ அடுப்புல இருக்கும்போதே ரெண்டாவது டீக்குச் சொல்லியாச்சு. தீர்வு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆப்லயே ஒரு டோக்கன் நம்பர் போட்டு அனுப்பணும். அதே டோக்கன் மறுபடியும் வந்தா, "இது அந்த டீதான்"னு சர்வர் புரிஞ்சுக்கும். டோக்கன் போட்டதுக்கு அப்புறம் ரெண்டு தடவை பதிவாகிறது நின்னுச்சு, போன்ல கத்துறதும் நின்னுச்சு.

இதைக் கேட்டுட்டு டீக்கடைக்குப் பெருமை கொடுத்துடாதீங்க. அந்தக் கடையில தினமும் இருநூறு பேர் டீ குடிக்கிறாங்க. முன்னாடி மூணு நாள் லாக் பார்த்திருந்ததாலதான் அந்த ரெண்டு கிளாஸ் என் கண்ணுக்கு வேற மாதிரி தெரிஞ்சுது. அந்த மூணு நாள் வேலையை டீமா செஞ்சோம், அதனால கண்டுபிடிப்பும் டீமோடதுதான். அந்த இருபது நிமிஷம் செஞ்சது, எல்லாரும் பிடிச்சுக்கிட்டிருந்த கேள்வியை ஒரு ஆள் கையில இருந்து கீழ வைக்க வெச்சது மட்டும்தான்.

அப்போ இதை எப்படிச் செய்யறது? நான் செய்யறதைச் சொல்றேன், உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

எழுந்துக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ஒரே வரி எழுதுவேன்: "நான் மாட்டிக்கிட்டிருக்கிற இடம் எது?" அந்த வரியை எழுத வரலைன்னா, இன்னும் நடக்கிற நேரம் வரலைன்னு அர்த்தம். திரும்ப உட்கார்ந்து படிக்கணும். க்ளோஜர்ங்கிற ப்ரோக்ராமிங் மொழியை உருவாக்கின ரிச் ஹிக்கி 2010-ல ஒரு பேச்சு பேசினார். ஊஞ்சல் படுக்கையில படுத்து யோசிக்கிறதைப் பத்திதான் தலைப்பே. ஆனா அவரும் முதல்ல வலியுறுத்துறது பிரச்னையை எழுது, தெரிஞ்சதை எழுது, தெரியாததை எழுது, அப்புறம் படுங்கிறதைத்தான்.

அடுத்தது, போனை வெச்சுட்டுப் போவேன். முடியாதுன்னா ஃப்ளைட் மோட். இதைச் சொல்றதுக்கு எனக்கே சிரிப்பா இருக்கு, ஏன்னா பாட்காஸ்ட்டும் இதுல சேர்த்திதான். அந்த இருபது நிமிஷம் என் குரலும் வேண்டாம். என்னைப் பாத்திரம் தேய்க்கும்போது கேட்டுக்கோங்க.

நடக்கும்போது வலுக்கட்டாயமா யோசிக்க மாட்டேன். ரோட்டைப் பார்ப்பேன், ஆளுங்களைப் பார்ப்பேன். மனசு தானா பிரச்னைக்குப் போனா போகட்டும், வந்தா வரட்டும். சட்டைப் பையில ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கும். ஹாமில்டன் மாதிரி பாலத்தைச் செதுக்க வேண்டாம், கார்ப்பரேஷன்காரங்க ஃபைன் போடுவாங்க. ஆனா அவர் முதல்ல நோட்டைத்தான் எடுத்தார்ங்கிறதை மறக்காதீங்க. அப்புறம் எழுதிக்கலாம்னு விட்ட யோசனை லிஃப்ட் நாலாவது மாடி தாண்டறதுக்குள்ள காணாமப் போயிடும்.

திரும்ப வந்ததும் நோட்டுல இருக்கிறதை உடனே நம்ப மாட்டேன். வெளியில வந்த யோசனை எல்லாமே அழகாத்தான் இருக்கும். பாதிக்கு மேல டெஸ்க்ல உட்கார்ந்து பார்த்தா உடைஞ்சுடும். உடைஞ்சாலும் பரவாயில்ல, ஒரு வழி இல்லைன்னு தெரிஞ்சுதே.

எங்கே நடக்கிறதுன்னு கேப்பீங்க. சென்னையில மே மாசம் ரெண்டு மணிக்கு நடந்தா யோசனை வராது, மயக்கம்தான் வரும். ஓ.எம்.ஆர்ல பல இடத்துல பிளாட்ஃபாரமே கிடையாது. நடக்கிறப்போ கவனம் முழுக்க எதிர்ல வர்ற பைக் மேல இருந்தா மூளைக்கு ஓய்வே இல்ல. அதனால இடத்தைத் தேர்ந்தெடுக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடி நல்ல இடம். வேளச்சேரியில இருந்து பீச் போற பறக்கும் ரயில்ல கூட்டமில்லாத நேரத்துல ஜன்னல் ஓரம் எனக்குப் பிடிச்ச இடம். கீழ பக்கிங்ஹாம் கால்வாய், அது ராயல் கால்வாய் மாதிரி இருக்காது, மூக்கைப் பொத்திக்கணும். ஆனாலும் வேலை செய்யுது.

என் டீம்ல இருக்கிற ஒரு தோழிகிட்ட இதைச் சொன்னப்போ அவ ஒண்ணு சொன்னா: "ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியா நடக்க உனக்கு ஒரு தெரு இருக்கு. எனக்கு அந்தத் தெருவுல யோசிக்க முடியாது, பின்னாடி யார் வர்றாங்கன்னுதான் பார்க்க முடியும்." உண்மைதான். தெளிவா யோசிக்க ஒரு இடம் வேணும்னா, முதல்ல பயமில்லாம இருக்க ஒரு இடம் வேணும். அவ என்ன பண்றான்னா, ஆபீஸ் படிக்கட்டுல நாலாவது மாடியில இருந்து ஒன்பதாவது மாடி வரைக்கும் ஏறி இறங்கறா. யாரும் படிக்கட்டைப் பயன்படுத்தறதே இல்ல, அதனால அமைதியா இருக்கு. எங்க டீம்ல இப்போ இன்னும் ரெண்டு பேர் அந்தப் படிக்கட்டுல நடக்கிறாங்க.

இப்போ தம்பியோட ரெண்டாவது கேள்வி. பச்சைப் புள்ளி.

தம்பி, உங்க பயம் நியாயமானது. ப்ரொபேஷன்ல இருக்கிறவர்கிட்ட, "தைரியமா எழுந்து போங்க"ன்னு பர்மனென்ட் வேலையில இருக்கிற நான் சொல்றது ரொம்ப ஈஸி. அதனால வேற மாதிரி சொல்றேன். சொல்லாம போகாதீங்க, சொல்லிட்டுப் போங்க. சாட்ல ஒரு வரி: "இந்த ஆர்டர் விஷயத்துல இந்த இடத்துல நிக்கிறேன், இருபது நிமிஷம் யோசிச்சுட்டு வரேன்." வந்ததும் இன்னொரு வரி: "இது தோணுச்சு, இப்போ சரி பார்க்கிறேன்." ஒண்ணும் தோணலைன்னா, "ஒண்ணும் தோணல, அடுத்து இதைப் பார்க்கப் போறேன்"னு போடுங்க. ரெண்டு வாரம் இப்படிச் செஞ்சீங்கன்னா, உங்க மேனேஜருக்குப் புள்ளியோட நிறத்தை விட நல்ல ஒரு தகவல் கையில இருக்கும். எங்க டீம்ல அந்த டீக்கடை விஷயத்துக்கு அப்புறம், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எழுதும்போதே "யோசிக்க ரெண்டு மணி நேரம்"னு ஒரு வரி சேர்க்க ஆரம்பிச்சோம். முதல்ல கேலி பண்ணினாங்க. இப்போ அந்த வரி இல்லைன்னா கேள்வி கேக்குறாங்க.

எல்லா இடத்துலயும் இது எடுபடாது. சில ஆபீஸ்ல பாத்ரூம் போற நேரத்தைக்கூட எண்ணறாங்க. அப்படின்னா சாப்பாட்டு நேரத்துல பாதியை, வீட்டுக்குப் போற பஸ்ல முதல் பத்து ஸ்டாப்பை உங்களுக்குன்னு வெச்சுக்கோங்க. இன்னொருத்தர் கண்ணுல பிஸியாத் தெரியணும்ங்கறதுக்காக மவுஸை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுதான் நிஜமான ஓபி.

இன்னொரு காரணத்துக்காகவும் இதைப் பேசணும்னு நினைச்சேன். இப்போ கோட் எழுதித் தர்ற ஏஐ டூல் எல்லார் மேஜையிலயும் இருக்கு. கேட்ட நொடியில பதில் வருது, நல்லாவும் இருக்கு. ஆனா நம்ம டபுள் ஆர்டர் கதையில, "சர்வர்ல எங்க ரெண்டாகுது?"ன்னே கேட்டுக்கிட்டிருந்தா, அது சர்வருக்குள்ளதான் பத்து இடத்தைக் காட்டியிருக்கும். பதில் வேகமா வர வர, கேள்வியைத் தள்ளி நின்னு பார்க்கிற இடைவெளி காணாமப் போகுது. வேலைக்குச் சேர்ந்து முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் நம்ம பழக்கம் உருவாகுது. அந்த வயசுல ஸ்க்ரீன் முன்னாடி மட்டுமே யோசிக்கப் பழகிட்டா, ஸ்க்ரீன்ல இல்லாத ஒண்ணை நாம எப்போ கவனிக்கப் போறோம்? தம்பி, நீங்க கேட்டதுக்கு என்னோட பதில் இது. நீங்க உங்களை ஏமாத்திக்கல. உங்க வேலையோட ஒரு பகுதியைத்தான் செய்யறீங்க. பேப்பர்ல அந்த ஒரு வரியை மட்டும் எழுதிட்டுப் போங்க.

இந்த வாரத்துக்கு எல்லாருக்கும் ஒரு சின்ன வேலை தரேன். உங்களை ரொம்ப நாளாப் படுத்தற ஒரு விஷயத்தை எடுத்துக்கோங்க. கோடா இருக்கணும்னு இல்ல. எழுதி முடியாத கதை, டிசைன், வேலை மாறலாமா வேண்டாமாங்கிற குழப்பம், எதுவா வேணும்னாலும் இருக்கலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் பத்தித் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதுங்க. கீழ உங்க கேள்வியை ஒரு வரியில எழுதுங்க. போனை வெச்சுட்டு இருபது நிமிஷம் வெளியே போங்க. வந்ததும், முதல்ல எழுதின கேள்வியைப் பார்க்காம, அதையே மறுபடியும் ஒரு வரியில எழுதுங்க. ரெண்டு வரியும் ஒண்ணா இருக்கா, மாறியிருக்கான்னு மட்டும் பாருங்க. மாறியிருந்தா எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் படிக்கிறேன்.

அவ்வளவுதான் மக்களே. இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, பக்கத்து சீட்டுல மூணு நாளா ஒரே ஸ்க்ரீனை முறைச்சுக்கிட்டிருக்கிற நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.